ரயில் நின்ற தடத்தில் சைக்கிள்: ஸ்பெயினின் வியா வெர்தே பாதைகள், வடசென்னை ஓட்டுநர்களுக்காக ஒரு மதிப்பீடு

ஸ்பெயினில் வருமானம் இல்லாமல் மூடிய ரயில் தடங்கள் ஏராளம். அவற்றின் தண்டவாளத்தைக் கழற்றி, தளத்தைச் சமன் செய்து, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். வியா வெர்தே, அதாவது பசுமைப் பாதை என்று பெயர். 1993-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தை ஸ்பானிய ரயில்வே அறக்கட்டளை ஒருங்கிணைக்கிறது. இப்போது நாடு முழுக்க 130-க்கும் மேற்பட்ட பாதைகள், மொத்தம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, கார், லாரி, பைக் எதற்கும் அனுமதி இல்லை. பக்கத்து வயல்காரரின் டிராக்டர் மட்டும் சில இடங்களில் குறுக்கே வரும், சில இடங்களில் கொஞ்ச தூரம் கூடவே வரும்.

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டிப் பழகியவர்களுக்கு, நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் எந்தச் சத்தத்தையும் கவனிக்க வேண்டாத ஓட்டம் என்பதே பெரிய விஷயம். செலவு செய்து போகத் தகுந்ததா என்றால், தகுந்தது. ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு போக வேண்டும். அந்தத் தடங்கள் அமைதியாக இருப்பதற்குக் காரணம் அங்கே ஆள் இல்லாததுதான். சுரங்கம் மூடியது, ரயில் நின்றது, இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். தெருவேல் மாகாணத்தில் சதுரக் கிலோமீட்டருக்கு ஒன்பது பேர்தான். வண்டி இல்லாத அதே காரணத்தால் டீக்கடை இல்லை, பங்ச்சர் கடை இல்லை, சில நீட்டங்களில் குழாய்த் தண்ணீர்கூட இல்லை. மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு போகும்போது எங்கே நின்றாலும் ஐந்து நிமிடத்தில் ஒரு கடை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஓட்டுகிறோமே, அதை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். கீழே சொல்லும் குறைகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

பாதைகளில் முதலில் ஓஹோஸ் நெக்ரோஸ். வடசென்னைக்காரர்கள் ஒரே ஒரு பாதைக்குத்தான் போக முடியும் என்றால் எங்கள் பரிந்துரை இதுதான். தெருவேல் மாகாணத்து இரும்புத் தாதுச் சுரங்கத்திலிருந்து மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் சகுந்தோ துறைமுகம் வரை, தாது இறக்குவதற்கென்றே 1907-ல் திறந்த தனியார் ரயில் தடம் இது. பக்கத்திலேயே வேறொரு கம்பெனியின் தடம் இருந்தும், சரக்குக் கட்டணத்தில் ஒத்துவராததால் சுரங்கக் கம்பெனி தன் செலவில் இரண்டாவது தடம் போட்டது. 1972-ல் ரயில் நின்றது, 1980-களில் சகுந்தோவின் உருக்காலையும் மூடியது. அங்கே ஒரு ஊதுலையை மட்டும் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். துறைமுகத்துக்குத் தாதும் நிலக்கரியும் போகும் தடங்களின் ஓரமாக வளர்ந்த நமக்கு அதன் அமைப்பு சட்டெனப் புரியும். சுமை ஏற்றிய ரயில் கடலை நோக்கி இறங்க வேண்டும், காலி வண்டி மேலே ஏற வேண்டும். அதனால் சரிவு எங்கேயும் திடீரென்று மாறாது. நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரே சீராக வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஓட்டக்கூடிய நீளம் சுமார் 160 கிலோமீட்டர். ஸ்பெயினின் மிக நீளமான வியா வெர்தேக்களில் ஒன்று. தெருவேல் நகரம் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடல் பக்கம் புறப்பட்டால் முதலில் எஸ்காந்தோன் கணவாய், 1,200 மீட்டர். இது ஏற்றம் என்று கண்ணுக்குத் தெரியாது, கால்தான் சொல்லும். ரயில் ஏறும் சரிவு என்பதால் இரண்டு சதவீதத்தை ஒட்டியே இருக்கும், ஆனால் மணிக்கணக்கில் விடாது. கியரைக் குறைத்து, பெடலை நிமிடத்துக்கு 75-80 சுற்றில் வைத்து, பேசிக்கொண்டே போகும் வேகத்தில் போனால் எந்தச் சிரமமும் இல்லை. பெரிய கியரில் அழுத்திப் போகிறவர்களுக்கு முட்டி இரண்டாம் நாளே வலிக்கும்.

கணவாய் தாண்டினால் சர்ரியோன். ஓக் மர வேரை ஒட்டி மண்ணுக்கடியில் விளையும் கறுப்பு டிரஃபிள் காளானுக்குப் பேர்போன ஊர். வரிசை வரிசையாக நட்ட ஓக் மரத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். வேலி போட்ட தோப்புக்குள் நிழலுக்காக ஒதுங்கக் கூடாது. காளான் விலை அப்படி, திருட்டுப் பயமும் அப்படி. அடுத்து பர்ராகாஸ், ஏறத்தாழ 1,000 மீட்டர், காற்றாலைகள் சுற்றும் மேட்டுச் சமவெளி. காற்றாலை ஏன் அங்கே வைத்தார்கள் என்பது சைக்கிளில் போனால் தெரியும். பக்கவாட்டுக் காற்றில் முன்சக்கரப் பைகள் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்கும். சுமையில் பெரும்பங்கைப் பின் கேரியரில் வைத்து, முன்னால் கனமற்ற பொருளை மட்டும் வைப்பது நல்லது.

பர்ராகாஸிலிருந்து கீழே இறங்கும் 67 கிலோமீட்டர் நீட்டம்தான் இந்தப் பாதையின் உச்சம். கௌதியெல், ஹெரிகா, நவாஹாஸ், செகோர்பே என்று ஊர்கள் வரிசையாக வரும். இறக்கம் மிதமானது, பல இடங்களில் தார்த்தளம். பைன் மரமும் பாதாம் தோப்பும் மெல்ல மெல்ல ஆரஞ்சுத் தோப்பாக மாறும். நவாஹாஸில் பாதையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கினால் சால்தோ தெ லா நோவியா அருவி. செகோர்பேயில் ஸ்பெயினின் ஐம்பது மாகாணங்களுக்கும் ஒவ்வொன்றாக ஐம்பது குழாய்கள் வைத்த நீரூற்று இருக்கிறது. வழியில் தண்ணீர் பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஊர் ஊராக இறங்கும் நீட்டம் என்பதால் மேலே சொன்ன வெறுமை இங்கே அவ்வளவாக இல்லை. முதல் முறை போகிறவர்களுக்கு அதுவும் ஒரு வசதி.

இறக்கம்தானே, மதியத்துக்கு மேல் புறப்படலாம் என்று கணக்குப் போட வேண்டாம். வெயில் ஏற ஏறக் கடற்காற்று பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறி வரும். கடலை நோக்கி இறங்குகிறவர்களுக்கு அது நேர் எதிர்க்காற்று. பகல் பன்னிரண்டுக்கு மேல் காசிமேட்டில் வீசும் அதே காற்றுதான். காலையில் கிளம்பி இரண்டு மணிக்குள் செகோர்பே தாண்டிவிடுவது உத்தமம்.

ரயில் வசதியும் இதற்குக் கூடுதல் மதிப்பெண். போட்டியாக இருந்த அந்தப் பழைய கம்பெனித் தடத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது, பசுமைப் பாதைக்கு இணையாகவே வருகிறது. வலென்சியாவிலிருந்து கௌதியெல் வரை புறநகர் ரயில் உண்டு. சென்ட்ரல்-கும்மிடிப்பூண்டி ரயிலைப் போல நிறுத்தி நிறுத்திப் போகும், சைக்கிளைப் பிரிக்காமலே ஏற்றலாம், தனிக் கட்டணம் இல்லை. களைத்தாலோ சக்கரம் உடைந்தாலோ ஏதாவது ஒரு நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். ஆனால் இந்தத் தடத்தில் பராமரிப்பு வேலைகளுக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடும் காலங்களும் வருகின்றன. பேருந்தில் முழுச் சைக்கிள் ஏறும் என்று நம்பிப் போகக் கூடாது. புறப்படும் வாரத்தில் ஸ்பெயினின் அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபேயின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தென் ஸ்பெயினில், ஆந்தலூசியாவின் அசெய்தே, எண்ணெய்ப் பாதை. ஹயேனிலிருந்து புவெந்தே ஹெனில் வரை 128 கிலோமீட்டர். ஆலிவ் எண்ணெய் ஏற்றிப் போன ரயிலின் தடம். ஹயேன் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கும் மேல் ஆலிவ் மரங்கள். முதல் நாள் முழுக்க அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. சிலருக்கு அது சலிப்பு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை: மண்ணின் நிறம் மாறுகிறது, மரத்தின் வயது மாறுகிறது, குன்றின் மேல் வெள்ளை ஊர்கள் வந்து வந்து போகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் இரும்புப் பாலங்கள்தான் இதன் சிறப்பு. குவாதஹோஸ் ஆற்றின் மேல் போகும் பாலம் 200 மீட்டருக்கு மேல் நீளம். ஆணி அடித்து இணைத்த இரும்புச் சட்டங்களின் மேல், பலகைத் தளத்தில் ஓட்ட வேண்டும். மழையில் பலகை வழுக்கும், ஹேண்டில்பாரைத் திருப்பியபடி பிரேக் பிடிக்கக் கூடாது.

தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் இதுவே எளிதான பாதை. பழைய நிலையங்கள் பலவற்றை உணவகமாகவோ சைக்கிள் வாடகை இடமாகவோ மாற்றியிருக்கிறார்கள். காப்ரா நிலையத்தில் இந்தத் தடத்தின் வரலாற்றைச் சொல்லும் சிறிய காட்சியகம் உண்டு. மூன்று நாளாகப் பிரித்தால் நிதானமாக முடியும்: முதல் இரவு அல்கௌதேதே, இரண்டாவது சுவேரோஸ் அல்லது தோன்யா மென்சியா. சுவேரோஸ் பாறை உச்சியில் ஒட்டி நிற்கும் ஊர். பார்க்க அழகு, ஆனால் நிலையத்திலிருந்து மேலே ஏறும் சாலை ரயில் சரிவு அல்ல, செங்குத்து. பையோடு ஏற முடியாதவர்கள் தோன்யா மென்சியாவில் நிற்கட்டும்.

இதன் பெரிய குறை தளம். ஹயேன் பக்கம் தார். பிறகு பல இடங்களில் இறுக்கிய மண். காய்ந்திருந்தால் அருமை. மழை பெய்தால் அந்தக் களிமண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் நிரம்பி, சக்கரத்தையே நிறுத்திவிடும். அப்போது பெடலை அழுத்தினால் செயின் சுழல்வான் (பின்னால் கியர் மாற்றும் டிரெய்லர்) முறுகி, அதைப் பிடித்திருக்கும் கொக்கித் தகடு வளைந்துவிடும். அந்த மாடலுக்கான தகடு கிராமத்தில் கிடைக்காது. மண் ஏறத் தொடங்கியதும் இறங்கி, குச்சியால் சுரண்டி, ஓரப் புல்லில் தள்ளிக்கொண்டு போவதே வழி. மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கான கொக்கித் தகட்டில் ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை அறுவடை. டிராக்டர்கள் மண்ணைக் கொண்டுவந்து பாதையில் கொட்டிவிட்டுப் போகும், சைக்கிளுக்கு அது காலமல்ல.

படங்களில் அதிகம் பார்ப்பது, அதே ஆந்தலூசியாவில் இருக்கும் சியெர்ரா பாதை: புவெர்தோ செர்ரானோவிலிருந்து ஒல்வேரா வரை 36 கிலோமீட்டர், 30 சுரங்கங்கள், 4 உயரப் பாலங்கள். 1920-களில் தோண்டிக் கட்டி, ஒரு ரயில்கூட ஓடாமலேயே விட்ட தடம். நடுவில் சாஃப்ரமகோன் பாறையில் நூற்றுக்கணக்கில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டியிருக்கின்றன. பக்கத்து நிலையத்தில் அவற்றைப் பார்ப்பதற்கென்றே ஒரு மையம் உண்டு. அழகில் இதற்கு இணை இல்லை. ஆனால் சென்னையிலிருந்து இதற்காக மட்டும் போவது வீண். அரை நாளில் முடிந்துவிடும், இரு முனையிலும் ரயில் நிலையம் இல்லை. ரோந்தாவிலிருந்து சாலை வழியாக வந்து சேர்ந்து, ஒல்வேராவில் தங்கி, புவெர்தோ செர்ரானோ பக்கம் இறங்கிப் போவது சரியான திசை. பெரும்பாலும் இறக்கமாக இருக்கும். வார இறுதியில் குடும்பங்களும் குழந்தைகளும் நிறைய வருவார்கள், வார நாளில் போனால் கழுகும் நீங்களும்தான்.

சுரங்கங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். மிக நீளமானது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். விளக்கு வைத்திருப்பார்கள், ஆனால் அது எரியும் என்று எண்ணிப் போகக் கூடாது. கையில் டார்ச் போதாது. ஹேண்டில்பாரில் குறைந்தது 300 லூமன் விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். வெளியே கொளுத்தும் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் சில நொடிகள் கண் ஒன்றும் பார்க்காது. அந்த நொடிகளில்தான் எதிரே விளக்கில்லாமல் நடந்து வருபவர் மீது மோதுவார்கள். வாயிலிலேயே வேகம் குறைத்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, மணி அடித்து, வலது ஓரமாக நுழைய வேண்டும். உள்ளே கூரையிலிருந்து நீர் சொட்டும், தரை ஈரம், குளிர். வியர்த்த உடம்போடு போகும்போது காற்றுத் தடுப்பு மேலங்கி ஒன்று மேல் பையிலேயே இருக்கட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாக. வடகிழக்கில் ஒலோத்திலிருந்து ஜிரோனா வழியாக சான் ஃபெலியூ கடற்கரை வரை போகும் காரிலேத் பாதை, எரிமலைக் காடுகளிலிருந்து கடலுக்கு இறங்கும் சுமார் 95 கிலோமீட்டர்; குறுகிய அளவு ரயில் ஓடிய தடம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் ஏற்றது, கடைகளும் தங்குமிடங்களும் நிறைய. மத்ரித் பக்கத்துத் தஹூன்யா பாதை தார் போட்டது, மெட்ரோவில் அர்காந்தா வரை போய்த் தொடங்கலாம். விமானக் களைப்பு போக ஒரு நாள் ஓட்ட நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். தொலேதோ மாகாணத்தின் ஹாரா 52 கிலோமீட்டர், 17 சுரங்கங்கள். இதிலும் ரயில் ஓடியதில்லை. நாள் முழுக்க மனித முகம் பார்க்காமல் ஓட்ட வேண்டுமென்றால் இங்கேதான். ஆனால் தனியாக, முதல் பயணத்திலேயே வேண்டாம்.

இந்த அமைப்பின் மிகப் பெரிய குறை, பாதைகள் ஒன்றோடு ஒன்று சேராமல் தனித்தனித் துண்டுகளாக இருப்பது. இரண்டு வாரப் பயணம் என்றால் பாதி தூரம் சாலையில்தான். அங்கேயும் அமைதியாக ஓட்டலாம், எந்தச் சாலை என்று பார்க்கத் தெரிந்தால். கிலோமீட்டர் பலகையின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு தேசியச் சாலை, ஆரஞ்சு மாநிலத்தின் முதல் நிலை, பச்சை இரண்டாம் நிலை, மஞ்சள் மூன்றாம் நிலை. மஞ்சள் பலகைச் சாலையில் மணிக்கு ஒன்றிரண்டு கார் வந்தால் அதிகம். சிவப்பிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. புதிய அதிவேகச் சாலை பக்கத்திலேயே வந்துவிட்ட இடங்களில் பழைய தேசியச் சாலை காலியாகக் கிடக்கும். லாரிகள் எல்லாம் அங்கே போய்விட்டன. சகுந்தோ-தெருவேல் இடையே ஏ-23 வந்தபின் என்-234 அப்படித்தான் இருக்கிறது. பசுமைப் பாதை சேறாகிப்போன நாளில் அதில் ஏறிக்கொள்ளலாம்.

சாலையில் ஓட்டும்போது விதிகள் கறாரானவை. ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். காதில் ஹெட்போன் கூடாது. இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் போகலாம். முந்தும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், பெரும்பாலும் விடுகிறார்கள். வளைவில் முந்தாமல் பொறுமையாகப் பின்னாலேயே வருவார்கள். இங்கே போலப் பதறி ஓரத்துச் சரளையில் இறங்கிவிட வேண்டாம், இறங்கினால்தான் விழுவீர்கள். ஓட்டுவது வலது பக்கம். நேர்ச்சாலையில் அது மறக்காது. பசுமைப் பாதையிலிருந்து ஆளில்லாத சாலையில் ஏறும் திருப்பத்தில்தான் கை பழக்கத்தில் இடது பக்கம் போகும்.

ஆட்டு மந்தையைக் காக்கும் மஸ்தீன் நாய்கள் பெரியவை. நம் தெருநாய் துரத்தினால் வேகமெடுத்துத் தப்பிக்கும் பழக்கம் இங்கே உதவாது. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, மந்தையை விட்டு விலகி மெல்ல நடந்தால் அது நின்றுவிடும்.

தண்ணீரும் சோறும் தனிக் கணக்கு. ஹயேன், கோர்தோபா பக்கம் ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரி சாதாரணம். வியாசர்பாடி மே மாதத்தைப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று தோன்றும். ஆனால் அது வறண்ட வெயில். வியர்வை சட்டையில் ஒட்டாமல் அப்படியே ஆவியாகிவிடும், வியர்க்கவே இல்லை என்று நினைப்பீர்கள். தாகம் எடுக்கும்போது ஏற்கெனவே தாமதம். கடிகாரம் பார்த்து மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், உப்பு கலந்து குடிக்க வேண்டும். மூன்று லிட்டர் கொள்ளும் அளவுக்குப் பாட்டில் பிடிப்பான்கள் சட்டத்தில் இருக்கட்டும். ஊற்றுக் குழாயில் 'அகுவா நோ பொதாப்லே' என்று எழுதியிருந்தால் அது குடிக்கும் தண்ணீர் அல்ல. தெற்குப் பாதைகளுக்கு மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை அல்லது அக்டோபர். ஓஹோஸ் நெக்ரோஸுக்கு மே, ஜூன், செப்டம்பர். ஏப்ரல் காலையில் தெருவேலில் விரல் விறைக்கும், முழுக் கையுறை வேண்டும்.

கிராமக் கடைகள் இரண்டு மணிக்கு மூடி ஐந்துக்குத் திறக்கும், ஞாயிறு திறக்கவே திறக்காது. சனி மாலையே இரண்டு வேளைக்கு ரொட்டி, பழம், கொட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். மதியச் சாப்பாடு இரண்டிலிருந்து நான்குக்குள். 'மெனு தெல் தியா' என்றால் இரண்டு வகை உணவு, ரொட்டி, இனிப்பு எல்லாம் சேர்த்து ஒரே விலை, கிராமத்தில் சுமார் 12 முதல் 16 யூரோ. இரவு உணவு எட்டரைக்கு முன் கிடைக்காது. ஆறு மணிக்குப் பசிக்கும் சைக்கிள்காரருக்கு இது பெரும் தொல்லை, மாலைக்கென்று ஏதாவது கையில் இருக்க வேண்டும். சைவக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்கணும். சாலட்டில் சூரை மீனும், பருப்பில் தொத்திறைச்சியும், சல்மோரெஹோ தக்காளிக் கூழின் மேலே பன்றித் தொடை இறைச்சித் தூவலும் இருக்கும். அவர்கள் கணக்கில் அதெல்லாம் இறைச்சி உணவே இல்லை. 'சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்' (இறைச்சி, பன்றித் தொடை, சூரை மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லிக் கேட்க வேண்டும். நம்பகமானது உருளைக்கிழங்கு தொர்தீயா, ஆனால் அதில் முட்டை உண்டு. இங்கிருந்து பொடி, தொக்கு கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் கூடாது. பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் உள்ளே விடாது.

சைக்கிளுக்கு 35 முதல் 42 மில்லிமீட்டர் டயர் போதும். முன்பக்க ஷாக் தேவையில்லை, மெல்லிய ரேஸ் டயர் உதவாது. நெருஞ்சி முள் அங்கேயும் உண்டு, நம்முடைய அதே செடிதான். கோடைக் கடைசியில் பாதை ஓரம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். டயருக்குள் பங்ச்சர் தடுக்கும் பட்டையோ, டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவமோ அவசியம். ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மறுபடி ஏறும் முன் டயரை ஒரு சுற்றுக் கையால் தடவிப் பார்ப்பது நல்லது. இரண்டு டியூப், ஒட்டுப் பசை, டயர் நெம்பி, செயின் கழற்றி, இரண்டு இணைப்புக் கண்ணி, ஒரு ஜோடி பிரேக் கட்டை, உங்கள் சக்கர அளவுக்கு மூன்று ஸ்போக், பம்பு. மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் கார் வால்வுக்கு மாற்றும் சிறு பித்தளைத் திருகு ஒன்று; பெட்ரோல் பங்க் காற்றடிக்க அது வேண்டும். இவற்றைப் பாரிமுனைப் பக்கத்துக் கடைகளிலேயே வாங்கிவிடலாம்.

பயிற்சிக்கு வடசென்னையில் மேடு கிடையாது. பேசின் பிரிட்ஜ் மேம்பாலம் ஏறி இறங்குவது ரயில் சரிவுக்குப் பயிற்சி ஆகாது. அது குட்டையானது, இது நீளமானது. முழுச் சுமையோடு பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை கடற்காற்றை எதிர்த்து ஓட்டுவது அதற்கு நெருங்கிய பயிற்சி. வாரத்தில் ஒரு நாள் அதையும், முடிந்தால் மாதம் ஒருமுறை ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் வரையும் ஓட்டினால், நாளுக்கு 50-60 கிலோமீட்டர் பயணத்துக்குக் கால் தயாராகிவிடும். ஒரே நாளில் நூறு ஓட்டுவதைவிட அடுத்தடுத்து இரண்டு நாள் ஐம்பது ஓட்டுவது முக்கியம். இருக்கையும் உட்காரும் இடமும் ஒத்துப்போகிறதா என்பது இரண்டாம் நாள்தான் தெரியும்.

விசா ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒவ்வோர் இரவும் தங்குமிடம் காட்ட வேண்டியிருப்பதால் 'கூடாரம் போட்டுக்கொள்வேன்' என்பது எடுபடாது. நினைத்த இடத்தில் கூடாரம் போடவும் பெரும்பாலான மாநிலங்களில் அனுமதி இல்லை.

சொந்தச் சைக்கிளா, வாடகையா? ஒரே பாதை, ஒரு வாரத்துக்குள் என்றால் வாடகை. இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் சொந்தம். மிச்சமாகும் வாடகை, விமானத்தில் சைக்கிள் பெட்டிக்குக் கொடுக்கும் கட்டணத்தை ஈடுகட்டிவிடும். பெட்டியில் போடும்போது பெடலைக் கழற்ற வேண்டும்; இடது பெடலின் மரை தலைகீழ், கடிகார திசையில் திருப்பினால்தான் கழலும். செயின் சுழல்வானைக் கழற்றி உள்பக்கம் கட்டிவிட வேண்டும். எண்ணெய் டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் அட்டைத் துண்டு சொருகாவிட்டால், வழியில் யாராவது லீவரைப் பிடித்தால்கூடக் கட்டைகள் ஒட்டிக்கொண்டு, அங்கே போய்ச் சக்கரம் நுழையாது. விளக்கின் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். அங்கே அதிவேக ரயிலில் முழுச் சைக்கிள் ஏறாது. பிரித்து உறையில் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். நடுத்தர தூர ரயில்களில் ஒரு வண்டிக்குச் சில இடங்கள்தான், டிக்கெட்டோடு சேர்த்தே சைக்கிள் இடத்தையும் எடுக்க வேண்டும்.

வாடகை வண்டி எடுக்கிறவர்கள் பின் கேரியர் உண்டா என்று முன்பே எழுதிக் கேட்க வேண்டும். பெரும்பாலும் கேரியர் இல்லாத மலைச் சைக்கிள்தான் தருவார்கள். கூடவே பிரேக்கையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் வலது கை முன் பிரேக், அங்கே இடது கை முன் பிரேக். கடைக்காரரிடமே மாற்றித் தரச் சொல்லலாம். மாற்ற மாட்டேன் என்றால், பாதையில் ஏறும் முன் காலியான இடத்தில் பத்து முறை வேகமெடுத்து நிறுத்திப் பழகிய பிறகு பையைக் கட்டுங்கள்.